கண்ணாடிப் பெட்டிக்கு ஒரு கைக்கதவு

ஜீப்பிலிருந்து இறங்கியபோது பேச்சியம்மாளுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. மலைமேல், கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஏலக்காய்த் தோட்டத்தில் செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. விடிவதற்கு முன்னால் கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறிய ஜீப், சாயங்காலம் வழக்கம்போல இறங்கி வந்து, வழக்கம்போலத் தெருமுனையில் நின்றது. பின்பக்கத்திலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

சேலைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் கட்டிய துண்டு, கையில் தூக்குவாளி. ஏலப்பழம் எடுத்த விரல்கள் கறையேறிக் கறுத்துக் கிடந்தன. தெருவுக்குள் பந்தல் தெரிந்ததும், "யாரு வீட்டுல விசேஷம்? எங்க வீட்டுப் பக்கமா பந்தல் தெரியுது?" என்று கூட வந்தவளிடம் கேட்டாளாம். அந்தப் பெண் பிற்பாடு என்னிடம் சொன்னது இது.

அந்தப் பந்தல் எங்கள் வாடகைக் கடைப் பந்தல். அதற்குக் கீழே இருந்த குளிர்பெட்டியும் எங்களுடையது. பெட்டிக்குள் படுத்திருந்தவன் பேச்சியம்மாளின் இளைய மகன் மணிகண்டன். பெண் பார்க்கத் தொடங்கியிருந்த வயசு.

மதியம் வாழைத்தார் லோடு ஏற்றிக்கொண்டு இருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருக்கிறான். கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அவனுடைய சித்தப்பா தவமணிதான் ஓடியாடி எல்லாம் பார்த்தார். மூத்த மகன் துபாயில் இருக்கிறான், அவன் வந்துசேர மறுநாள் சாயங்காலம் ஆகிவிடும், அதுவரை உடம்பு தாங்க வேண்டும் என்று எங்களுக்குப் போன் போட்டதும் அவர்தான்.

பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நான் கிளம்பியிருக்கலாம். அந்த வீட்டில் கரண்ட் ஏறி ஏறி இறங்கிக்கொண்டு இருந்தது. மெஷின் நின்றுவிடக் கூடாதே என்று பக்கத்திலேயே ஒரு சேரில் உட்கார்ந்திருந்தேன். அதனால் எல்லாவற்றையும் பார்க்கும்படி ஆகிவிட்டது.

தூக்குவாளி எங்கேயோ போய் விழுந்தது. கூட்டம் விலகியது. பேச்சியம்மாள் ஓடி வந்து பெட்டிமேல் விழுந்தாள். கண்ணாடியெல்லாம் பனி பூத்திருந்தது. முந்தானையால் துடைத்தாள். துடைத்த இடத்தில் முகம் கொஞ்சம் தெரிந்தது. அவள் குனிந்து பார்ப்பதற்குள் அவள் மூச்சுக்காற்றே பட்டு மறுபடியும் மங்கிப்போனது. மறுபடியும் துடைத்தாள்.

"எம்புள்ள மூஞ்சி தெரியலையேய்யா! தெறங்கய்யா இத! ஒருக்காத் தொட்டுக்கிறேன், தெறங்கய்யா!"

தவமணி அவள் தோளைப் பிடித்தார். "மதினி, தெறக்கக் கூடாது மதினி. தெறந்தா கூலிங் போயிரும். பெரியவன் வந்து தம்பி மூஞ்சியப் பாக்க வேணாமா?"

நான் எழுந்து போய், "அண்ணே, ஒரு நிமிசம் தெறந்து மூடுனா ஒண்ணும் ஆயிராதுண்ணே. நான் இங்கனதான் இருக்கேன், பாத்துக்கிறேன்" என்றேன்.

"நீங்க பேசாம இருங்கக்கா. நாளைக்கு வாடை கீடை வந்துச்சுண்டா ஊரு என்னையத்தேன் பேசும். பெரியவனுக்கு நாந்தேன் பதில் சொல்லணும்."

அவர் கெட்ட மனுஷன் இல்லை. அன்றைக்கு அந்த வீட்டில் அழாமல் நின்று எல்லாவற்றையும் பார்த்தது அவர் ஒருவர்தான். நான் போய்ச் சேரில் உட்கார்ந்தேன்.

பேச்சியம்மாள் இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் பதித்து, அதன்மேல் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள். மறுநாள் பெட்டியைத் திரும்ப எடுத்து வந்து கழுவும்போது அந்தக் கறைக் கைகள் இரண்டும் கண்ணாடியில் அப்படியே இருந்தன. சோப்புப் போட்டுத் தேய்க்கத் தேய்க்க எனக்குத் தாங்க முடியாமல் அழுகை வந்தது.

பயந்த மனுஷர்

இந்தத் தொடரில் இதுவரை கல்யாணப் பந்தல், திருவிழா மைக்செட், ஊரே சேர்ந்து தொலைத்த எங்கள் அண்டா என்று சிரிக்கச் சிரிக்கவே எழுதி வந்தேன். "உங்க தொழிலில் அழுகையே கிடையாதா அம்மா?" என்று சின்னமனூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். இருக்கிறது அம்மா. எழுதத் தைரியம் வர இத்தனை வாரம் ஆகிவிட்டது.

என் கணவர் அந்தோணிக்கு மைக்செட் என்றால் உயிர். பிணம் என்றால் பயம். சொன்னால் சிரிப்பீர்கள், ஆறடி ஆள். சாவு வீட்டுக்குப் பந்தல் போடப் போனால்கூட, தெருவிலேயே நின்று கம்பு நட்டுவிட்டு, வீட்டுப் பக்கம் திரும்பாமல் வந்துவிடுவார். ஒரு முறை அந்த அவசரத்தில் முன்பக்கத் துணியைப் பார்க்காமல் கட்டிவிட்டார். "நல்வரவு" என்று பெரிதாக எழுதிய கல்யாணத் துணி. எழவு கேட்க வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே வரவா வேண்டாமா என்று நின்றார்களாம். பாதிரியார்தான் போன் பண்ணி, "மேரி, அந்தோணிய அனுப்பி அதக் கழட்டச் சொல்லும்மா" என்றார்.

அதனால் குளிர்பெட்டி வாங்கியபோது, அது என் பொறுப்பு என்று ஆகிவிட்டது. வேனில் ஏற்ற இறக்க இரண்டு ஆட்கள் இருந்தார்கள். வீட்டுக்குள் போய் இடம் பார்த்து வைத்து, மெஷினைப் போட்டு, உடம்பைப் பெண்களோடு சேர்ந்து ஒழுங்குபடுத்திக் கிடத்துவது என் வேலை. பெண்பிள்ளைக்கு இது என்ன தொழில் என்று ஆரம்பத்தில் பேசினார்கள். தங்கள் வீட்டில் ஒன்று நடந்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

பெட்டி வாங்க வேண்டிய தேவையும் எங்கள் ஊரிலிருந்துதான் வந்தது. எங்களுடையது பழைய கிறிஸ்தவ ஊர். வீட்டுக்கு ஒரு சிஸ்டரோ சாமியாரோ இருப்பார்கள். ஒருத்தர் ஒடிசாவில் இருப்பார், ஒருத்தர் ஆப்பிரிக்காவில் இருப்பார். அம்மா செத்தால் அவர்கள் வந்துதான் குழிக்கு மண் போட வேண்டும். முன்பெல்லாம் ஐஸ்கட்டி வாங்கி மரத்தூள் போட்டு அடுக்குவார்கள். தண்ணீர் உருகி வீடெல்லாம் ஓடும். அழுகிறவர்கள் அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்து அழுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான், "நாமளே ஒரு பெட்டி வாங்கிருவோமா?" என்று நான் கேட்டேன். இவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

திரும்பி வராத வாடிக்கையாளர்

கல்யாண வீட்டில் வாடிக்கையாளரின் குறை தெரிந்துகொள்ள நாம் ஒன்றும் சிரமப்பட வேண்டாம். சேர் ஆடினால் மாப்பிள்ளையின் மாமா வந்து கத்துவார். கரண்டி ஒன்று குறைந்தால் சமையல்காரர் ஊரைக் கூட்டுவார். மைக்கில் கொய்ங் என்று ஒரு சத்தம் வந்தால் போதும், இவரைப் பந்தலுக்குள்ளேயே விரட்டுவார்கள்.

சாவு வீடு அப்படி இல்லை. பெட்டி எடுத்தவர்கள் மறுநாள் கடைக்கு வந்து, "உங்க பெட்டியில இது சரியில்ல, அது சரியில்ல" என்று சொல்லவே மாட்டார்கள். பெட்டியை நினைக்கவே அவர்களுக்குப் பிடிக்காது. கடைத்தெருவில் என்னைப் பார்த்தால்கூடச் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். என்மேல் கோபம் ஒன்றும் கிடையாது. என் முகத்தைப் பார்த்தால் அந்த நாள் ஞாபகம் வந்துவிடும், அவ்வளவுதான்.

ஒரு முறை கோயம்புத்தூரிலிருந்து பெட்டி விற்கிற கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். இன் பண்ணிய சட்டை, கையில் வழவழப்பான புத்தகம். புது மாடலாம். சுற்றிலும் கலர் லைட் எரியும். உள்ளேயே ஸ்பீக்கர் இருக்கும், பக்திப் பாட்டு ஓடும். ரிமோட்டும் உண்டு. ஸ்பீக்கர் என்றதும் இவர் சேரை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"கஸ்டமர் ஃபீட்பேக் எல்லாம் எப்படி மேடம் இருக்கு?" என்று அவர் என்னைக் கேட்டார்.

"என் கஸ்டமர் யாரு தம்பி? உள்ள படுத்திருக்கவுகளா, வெளிய இருக்கவுகளா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். பிறகு நான் சிரிக்கவில்லை என்று பார்த்து, புத்தகத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். பாவம், சின்ன வயசு. அவர் வீட்டில் இன்னும் யாரும் சாகவில்லை என்று நினைக்கிறேன்.

கால் வெட்டிய கதை

கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது என்றால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்டி வந்த புதிதில் என் கண்ணில் முதலில் பட்டது அதன் கால்கள்.

கம்பெனி கொடுத்த ஸ்டாண்ட் இடுப்பு உயரம் இருந்தது. மாலை போட வருகிறவர்களுக்கு அது வசதி. குனிய வேண்டாம். வந்தார்கள், போட்டார்கள், கும்பிட்டார்கள், வெளியே சேருக்குப் போய்விட்டார்கள். பெண்கள் கதை வேறு. எங்கள் பக்கத்தில் இறந்தவரைச் சுற்றி வட்டமாகத் தரையில் உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு, கட்டிக்கொண்டு அழுவார்கள். ஒருத்தி சொல்லி அழுவாள், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். பெட்டி உயரத்தில் இருந்ததால் உட்கார்ந்தால் முகம் தெரியவில்லை. நின்றால் கட்டிக்கொண்டு அழ வரவில்லை. கொஞ்ச நேரம் நிற்பார்கள், முழங்கால் வலிக்கும், சுவரோரம் போய்த் தனித்தனியாக உட்கார்ந்துவிடுவார்கள்.

கூடலூர்ப் பக்கம் ஒரு வீட்டில் கணவனை இழந்த பெண் ஒருத்தி, பெட்டியின் கால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே இருந்த மெஷினைப் பார்த்து அழுதுகொண்டு இருந்தாள். அவள் கண்ணுக்கு எட்டியது அதுதான். அதைப் பார்த்த பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. பெட்டியை நேராக வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய், மெஷின் மட்டும் அடங்குகிற உயரத்துக்குக் கால்களை வெட்டச் சொன்னேன்.

"புதுச் சாமானப் போயி வெட்டச் சொல்றீகளே!" என்று பட்டறைக்காரர் தலையில் கை வைத்தார்.

மாலை போடுகிற ஆண்கள் சிலர் முணுமுணுத்தார்கள். குனிய வேண்டியிருக்கிறதாம். குனியட்டும்.

அப்புறம் ஜெனரேட்டர். கரண்ட் போனால் அது போடும் சத்தத்தில் ஒப்பாரி காதில் விழாது. அழுகிறவள் என்ன சொல்லி அழுகிறாள் என்று கேட்டால்தானே மற்றவள் சேர்ந்து அழ முடியும்? இதை மட்டும் இவரிடம் சொன்னேன். சத்தம் சம்பந்தப்பட்ட விஷயம் அல்லவா, ஆள் உடனே இறங்கிவிட்டார். நீள ஒயர் வாங்கி, ஜெனரேட்டரை அடுத்த தெருவில் வைக்கிற மாதிரி செய்து கொடுத்தார். அழுகை நன்றாகக் கேட்கிறதா என்று தெருமுனையில் நின்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் வருவார். உள்ளே வரமாட்டார்.

இதெல்லாம் பெட்டியைச் சுற்றிச் செய்தவை. பெட்டிக்குள் கை வைக்க வேண்டும் என்ற எண்ணத்தைக் கொடுத்தவள் பேச்சியம்மாள்.

சலீம் பாயும் வாழைக்காய் அறையும்

உத்தமபாளையத்தில் சலீம் பாய் என்று ஃபிரிட்ஜ் மெக்கானிக். எங்கள் பெட்டிக்குக் கேஸ் நிரப்புகிறவர் அவர்தான். அவரிடம் போய், "பாய், கை மட்டும் உள்ள போற மாதிரி இதுல ஒரு கதவு வேணும்" என்றேன்.

"எதுக்குக்கா?"

"தொடுறதுக்கு."

அவர் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "எங்கள்ல பெட்டியே வைக்கிறதில்லக்கா. குளிப்பாட்டி, வெரசா எடுத்துருவோம். தொடுறதுக்கெல்லாம் ஒரு கதவு வேணுமாண்டு நான் நெனச்சதேயில்ல" என்றார். பிறகு பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "பக்கத்துல குளிரு பைப்பு ஓடுது, வெட்டுனா மெஷினே போச்சு. மேல கண்ணாடியிலதான் வெட்டணும். வெட்டுனாக் குளிரு வெளிய ஓடிரும். ஆகாதுக்கா."

ஆகாது என்று சொன்னாரே தவிர, விட்டுவிடவில்லை. பழைய ஃபிரிட்ஜ் ரப்பரை வைத்துப் பார்த்தார். முதலில் வெட்டிய மூடி விரிசல் விட்டுப் போனது. இரண்டாவது மூடியில் கதவு சரியாக உட்கார்ந்தது. ஆனால் அதைத் திறந்து வைத்துக்கொண்டே இருந்தால் உள்ளே குளிர் நிற்கவில்லை. அம்மாக்காரியின் பக்கத்தில் நின்று மணி பார்த்து, "நேரம் ஆச்சு, எடு" என்று சொல்லவா முடியும்? கதவைத் திறந்தபடியே அவள் உட்கார்ந்திருக்க வேண்டும். குளிரும் இருக்க வேண்டும். இந்த இடத்தில் நாங்கள் இரண்டு பேரும் வழி தெரியாமல் முட்டி நின்றோம்.

வழி கிடைத்தது ஒரு வாழைக்காய்க் குளிரறையில். சின்னமனூர்ப் பக்கம் வாழைத்தார் வைக்கிற குளிரறை ஒன்றின் திறப்பு விழாவுக்குப் பந்தல் போடப் போயிருந்தேன். அறைக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். வாசலில் கனமான பிளாஸ்டிக் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று படிகிற மாதிரி தொங்கின. ஆட்கள் தார்களைச் சுமந்துகொண்டு பட்டைகளை ஒதுக்கி உள்ளே போனார்கள். ஆள் போனதும் பட்டைகள் தானே சேர்ந்துகொண்டன. நான் கையை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்தேன். முழங்கை வரை ஜில்லென்று இருந்தது. வெளியே நின்ற எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

விழாவுக்கு வந்த பெரிய மனிதர்கள் பேசிக்கொண்டு இருக்க, நான் அங்கேயே நின்று கையை விட்டு விட்டு எடுத்துக்கொண்டு இருந்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

சலீம் பாய் அதேபோலச் சின்னச் சின்னப் பட்டைகள் வெட்டிக் கதவுக்கு உள்பக்கம் பொருத்தினார். எந்த இடத்தில் கதவு வர வேண்டும் என்று மட்டும் நான் சொன்னேன். எங்கள் ஊரில் இறந்தவர் கையில் ஜெபமாலை சுற்றி நெஞ்சுமேல் வைப்போம். மற்ற வீடுகளில் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி வயிற்றுமேல் வைப்பார்கள். இரண்டுக்கும் எட்டுகிற இடத்தில் வைத்தோம்.

முதலில் தொட்டவர்

அந்தக் கதவில் முதலில் கை விட்டவர் எங்கள் ஊர் ரிட்டயர்டு வாத்தியாரின் மனைவி. அவர் பெயர் வேண்டாம், டீச்சரம்மா என்றே சொல்கிறேன். வாத்தியார் போய்விட்டார். மகள் சிஸ்டர், ஜார்கண்டிலிருந்து வர வேண்டும்.

நான் பெட்டியை வைத்துவிட்டு, "டீச்சரம்மா, இங்கன கைய விட்டாச் சார் கையத் தொடலாம்" என்று அவர் காதோரம் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. அவர் கையைப் பிடித்து நானே உள்ளே விட்டேன். விரல் வாத்தியாரின் கைமேல் பட்டதும், அதுவரை அழாமல் உட்கார்ந்திருந்தவர், "ஏங்க" என்று ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். அப்புறம் அழுதார் பாருங்கள், வீடே கூட அழுதது.

மகள் வந்து சேரும்வரை அவர் கையை எடுத்தது சாப்பிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தியபோது மட்டும்தான். அப்போதுகூட இடது கையால் சாப்பிட முடியுமா என்று பார்த்தார்.

பேச்சு பரவிவிட்டது. "கைக்கதவு வச்ச பெட்டி இருக்கா?" என்று போடியிலிருந்தும் ஆண்டிபட்டியிலிருந்தும் போன் வந்தது. அந்தக் கதவை எப்படியெல்லாம் பயன்படுத்துவார்கள் என்று நான் நினைக்காததெல்லாம் நடந்தது. ஒரு வீட்டில் சிநேகிதர்கள் பீடிக்கட்டும் தீப்பெட்டியும் உள்ளே தள்ளிவிட்டார்கள். நான் அதை எடுக்கப் போனபோது இறந்தவரின் மனைவி, "இருக்கட்டும் விடுங்க, அவுகளுக்கு அது இல்லாம ஆகாது" என்றாள். இன்னொரு வீட்டில் பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பிகள். தம்பி செத்துப்போனான். அண்ணன் வந்து, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, கதவுக்குள் கையை விட்டுத் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பார்க்காத மாதிரி பிளக்கைச் சரிசெய்துகொண்டு இருந்தேன்.

எனக்கு மனசுக்குள் ஒரு நிறைவு இருந்தது. அதை மறைப்பானேன். ஒரு தாயின் தவிப்பைப் பார்த்தோம், அதற்கு ஒரு வழி செய்தோம் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். அந்தத் தாயைத்தான் அப்புறம் பார்க்கவே இல்லை.

கேரளாவில் பந்த்

ஒரு நாள் கேரளாவில் பந்த். மெட்டு அடைத்துவிட்டதால் ஜீப்புகள் ஓடவில்லை. கம்பம் கடைத்தெருவில் தோட்ட வேலைக்காரப் பெண்கள் நிறையப் பேர் தெரிந்தார்கள். மத்தியானம் கடையில் நான் பாத்திரம் எண்ணி அடுக்கிக்கொண்டு இருந்தபோது, வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். நல்ல சேலை, தலை சீவிப் பூ இல்லாமல். எனக்கு அடையாளம் தெரியவில்லை. கையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அந்த விரல்களை நான் மறக்கவில்லை.

"மணிகண்டன் அம்மா" என்றேன்.

"ஆமா ஆத்தா. ஞாபகம் வச்சிருக்கீகளே." உள்ளே வந்து சேரில் உட்காராமல் நின்றாள். "பெட்டியில கைய விடுற மாதிரி கதவு வச்சிருக்கீகளாமே. ஜீப்புல பேசிக்கிட்டாக."

"ஆமா. உங்களப் பாத்துத்தான் வச்சேன்."

"என்னையவா?"

"அன்னைக்கு நீங்க புள்ளையத் தொட முடியாமத் தவிச்சீகள்ல. அதைப் பாத்துத்தான்" என்றேன். சொல்லும்போதே எனக்கு வாய் கூசியது. அவளுக்கு உதவாத ஒன்றை அவளிடமே காட்டுகிறேனே என்று இருந்தது.

அவள் தலையை ஆட்டினாள். "தொட்டேனே ஆத்தா. மறுநா, பெரியவன் வந்தப்புறம், குளிப்பாட்டுறதுக்கு வெளிய எடுத்தாகள்ல. அப்பத் தொட்டேன். தொட்டுருக்கவே வேணாம்."

கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

"கட்டையாட்டம் குளுந்து போயிக் கெடந்தான். அன்னையிலருந்து எனக்கு அது ஒண்ணுதேன் நெனப்பு. அவனுக்குக் குளிரு ஆகாது ஆத்தா. மார்கழியில ரெண்டு போர்வ கேப்பான். மலை வேலைக்கு வாடாண்டு நானும் கூப்புட்டுப் பாத்தேன். 'அங்கன குளுரும், நான் வரல'ண்டு வாழைத் தோட்டத்துக்கே போனான். அவனப் போயி அதுக்குள்ள போட்டு மூடி வச்சிட்டாக. மேல ஒரு துணிகூடப் போத்தல. நானும் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

செத்தவர்களுக்குக் குளிர் தெரியாது என்று என் வாய் வரைக்கும் வந்தது. அது அவளுக்கும் தெரியும். நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அத்தனை வீடுகளுக்குப் பெட்டி கொண்டுபோயிருக்கிறேன், கால் வெட்டினேன், கதவு வைத்தேன். உள்ளே இருக்கிறவனுக்குக் குளிருமே என்று ஒருத்தி இத்தனை நாள் தூங்காமல் கிடப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தொட வேண்டும் என்று அவள் கத்தியதை மட்டும் கேட்டுக்கொண்டு வந்து, அதற்கு மருந்து கண்டுபிடித்து, நிறைவாக இருந்திருக்கிறேன்.

"ஒருக்கா அதப் போட்டுவிடுங்க ஆத்தா" என்றாள். "உள்ள எம்புட்டுக் குளுருமுண்டு பாத்துட்டுப் போயிர்றேன்."

கடைக்குப் பின்னால் தகரச் செட்டுக்குள் பெட்டி இருந்தது. மேலே போட்டிருந்த தார்ப்பாயை எடுத்தேன். பிளக்கைச் சொருகி மெஷினைப் போட்டேன். குளிர் ஏற நேரம் ஆகும் என்று சொன்னேன். "ஏறட்டும். அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கட்டும்" என்றாள். இரண்டு சேர் போட்டு, காலிப் பெட்டிக்குப் பக்கத்தில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். செட்டுப் பக்கம் எட்டிப்பார்க்காத இவர், டீ வாங்கிக்கொண்டு உள்ளே வந்து, பெட்டி ஓரமாகவே நடந்து, அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

டீயை அவள் குடித்தாளா என்று ஞாபகம் இல்லை. கண்ணாடியில் பனி பூத்ததும், "இப்பப் பாக்கலாம்" என்றேன்.

கதவைத் திறந்தாள். பட்டைகளை ஒதுக்கி, கையை முழங்கைக்கு மேலே வரை விட்டாள். உள்ளங்கையை மேல்நோக்கி வைத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தேன். எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது. ஐயோ இவ்வளவு குளிரா என்று அவள் கத்திவிட்டால் நான் என்ன சொல்வேன்?

ரொம்ப நேரம் கழித்துக் கையை எடுத்தாள். அதைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"மெட்டுல காலையில ஜீப்ப விட்டு எறங்குவோம்ல, அந்தக் குளிருதேன்" என்றாள். "நாங்க தெனம் படுறதுதேன்."

அப்புறம் என்னைப் பார்த்தாள். "தாங்கியிருப்பான்ல ஆத்தா?"

"தாங்கியிருப்பான்" என்றேன்.

அவள் திரும்பவும் கையை உள்ளே விட்டாள். நான் மெஷினை நிறுத்தவில்லை.